பச்சைத் தண்ணீர்

கட்டு எந்நேரம் நழுவியதோ தெரியாது.
விழிப்பு வந்தபோது என் முதுகு நனைந்திருந்தது.
வேர்வை என்றுதான் நினைத்தேன்.
அம்மாப்பேட்டையில், சித்திரையில்,
இரவிலும் தளம் கொதிக்கும் அறையில்
வேறெப்படி நினைப்பது.

விளக்கைப் போட்டேன்.
ஊசி குத்திய இடத்தைத் தூக்கத்தில் சொறிந்திருக்கிறார்.
எட்டிப் பார்க்காதே, விடாமல் அழுத்து என்று
டயாலிசிஸ் வார்டு நர்ஸ் சொன்னது
நல்லவேளை நினைவில் நின்றது.
என் கட்டைவிரலுக்கு அடியில் மாதையன்,
சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம்.
நடுவில் ஒரு தடவை மட்டும்
"மெத்தை போச்சே" என்றார்.

பதினொரு தவணை கட்டிய மெத்தை.
இன்னும் நான்கு பாக்கி.
கறை பட்டால் வாரண்டி செல்லாதென்று
அட்டையில் அச்சடித்திருக்கிறது,
பத்து வருடம் உழைக்கும் என்பதற்கு நேர் கீழே.

விடிந்ததும் உறையை உருவினேன்.
ஓரம் கறுத்து, நடுவில் இன்னும் ஈரமாய்.
குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
வெந்நீர்ப் போசியோடு வந்து நிற்கிறார்
உதவி செய்ய.

"வெந்நியா? அங்கயே வையி!"
கத்திவிட்டேன்.
சூடு பட்டால் ரத்தம் வெந்து நூலைப் பிடித்துக்கொள்ளும்,
அப்புறம் எந்தப் பவுடருக்கும் அசையாது.
பச்சைத் தண்ணீர்தான்.
அதையும் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்,
ஓரத்திலிருந்து நடுவுக்கு.

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர் கேட்கிறார்.
மாதாமாதம், அவர் எழும் முன்னே
குழாயடியில் நான்
என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தார்?
சிரிப்பு வந்துவிட்டது.
அவருக்கு விளங்கச் சற்று நேரமானது.
விளங்கியதும் போசியைத் தள்ளி வைத்துவிட்டு
துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.
மறுமுனையை நான் முறுக்கினேன்.

ஒற்றி, பிழிந்து, மறுபடி ஒற்றி,
கல்லுப்பு இரண்டு கை கரைத்து,
செம்பு செம்பாய்த் தண்ணீர்.
நாலாவது செம்பில்தான் அவர் கண்ணைக் கவனித்தேன்.

அவருக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்.
கோடு போட்ட பாட்டிலில் அளந்து வைப்பேன்,
மாத்திரை விழுங்கும் மடக்கும் அதில் சேர்த்தி.
உப்பு, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு.
ஐஸ் கட்டியை வாயில் அடக்கி அடக்கியே
போன வெயிலைத் தாண்டினார்.

மெத்தை குடித்துக்கொண்டிருந்தது.

"அதுக்காச்சும் குடு" என்றார்.
நான் நிமிரவில்லை.

பிறகு கிழங்கு மாவு.
சேகோ ஆலையில் களத்து வேலைக்குப் போன நாளில்
சட்டைப் பையில், காது மடலில்
அவரோடு வீட்டுக்கு வந்த அதே மாவு,
இப்போது மளிகைக் கடையில் காசு கொடுத்து.
பணியாரப் பதத்தில் குழைத்துக் கறைமேல் அப்பி,
கீழ்வீட்டு தமீம் ஒரு முனை, நான் ஒரு முனை,
மாடிக்கு ஏற்றினோம்.
வடக்கே சேர்வராயன் மலை
வெயிலில் நிறமே இல்லாமல் நின்றது.
எதிர்மாடியிலிருந்து கோமளா:
"ஏங்க்கா, விருந்தாளி கொழந்தை நனைச்சிருச்சா?"
"ஆமா" என்றேன்.
எந்த விருந்தாளி, எந்தக் குழந்தை.

மூன்று மணிக்கு மாவு வெடித்து
ஓடு ஓடாய்க் கிளம்பியது.
அவர்தான் சுரண்டினார், கரண்டிக் காம்பால்,
களத்தில் ஜவ்வரிசி கிளறும் நிதானத்தோடு.
மேலே வெள்ளை, அடியில் காவி.
"இதை ரெண்டாந்தரம்னு ஒதுக்கிருவாங்க" என்றார்.

முழுசாய்ப் போகவில்லை.
டீ சிந்திக் காய்ந்தாற்போல் ஒரு நிறம்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

இரவு நான் இடம் மாறிப் படுத்தேன்.
"அங்க ஈரமா இருக்குமே."
இருந்தது, கொஞ்சம்.
இப்போது அவர் இடது கை என் பக்கம்.
முழங்கை மடிப்பில் உள்ளங்கையை வைத்தால்
தோலுக்கடியில் அந்த இரைச்சல்,
ஆலை மோட்டாரைச் சுவருக்கு இந்தப் புறமிருந்து கேட்பதுபோல.
தினம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ஓடுகிறதா என்று.
அதுவும் அந்த நர்ஸ் சொன்னதுதான்.

ஓடுகிறது.
நாளை வியாழன்,
ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.
கையை எடுக்காமல் கிடந்தேன்.